வெண்ணெய் எடுத்த கார்

கந்தப்பனின் அம்பாசிடர் கார் ஒரு சந்தை நாளில் வெண்ணெய் எடுத்தது.

மிகை இல்லை. அவர் மனைவி கமலாத்தாள், வேலந்தாவளத்தில் அக்காள் வீட்டிலிருந்து ஒரு சட்டி எருமைத் தயிரை வாங்கி, வாயைத் துணியால் கட்டி, பின்சீட்டில் வைத்துக்கொண்டு வடகரப்பதிக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் துணியை அவிழ்த்தால் சட்டியில் தயிர் இல்லை. மோர் இருந்தது. மோரின் மேல் எலுமிச்சங்காய் அளவுக்கு வெண்ணெய் திரண்டு மிதந்தது.

"ஏனுங்க, மத்தை வித்துப்போடலாமுங்க. இனிக் காரே போதும்" என்றார் கமலாத்தாள்.

இதை வீட்டோடு நிறுத்தியிருக்கலாம். கடலைக்காய் பறிக்க வந்த பெண்களிடம் சொன்னார். அவர்கள் கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் சொன்னார்கள். அந்த வாரம் முடிவதற்குள் செய்தி நல்லேப்பிள்ளிக்குப் போய் சம்பந்தி சரஸ்வதியம்மாள் காதில் விழுந்தது. வடகரப்பதியில் எலுமிச்சங்காயாகக் கிளம்பிய வெண்ணெய் நல்லேப்பிள்ளியில் தேங்காய் அளவில் போய் இறங்கியிருந்தது.

விஷயம் சிரிப்போடு போகவில்லை. கந்தப்பனின் ஒரே மகள் மயிலாத்தாள் நல்லேப்பிள்ளியில் எட்டு மாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். ஒன்பதாம் மாதத்தில் பெண்வீட்டார் புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு என்று கட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளை வீட்டில் கட்டுச்சோற்று விருந்து வைத்து, பெண்ணைக் கையோடு அழைத்து வருவார்கள். அதற்கு நாள் குறிக்கப் போன கந்தப்பனிடம் சரஸ்வதியம்மாள் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"விருந்து வெய்யுங்க, நல்லாச் சாப்புடறோம். ஆனா என்ற மருமகளை அந்த மத்துக்குள்ள ஏத்தி அனுப்ப மாட்டேனுங்க. தயிரே அந்தக் கதியாச்சுன்னா, புள்ளத்தாச்சி என்னாகறது?"

"அப்ப பஸ்ஸுல கூட்டிப் போறனுங்க."

"பஸ்ஸா? அது ஆட்டுக்கல்லுங்க சம்பந்தி."

"மாட்டு வண்டி?"

"உங்க வண்டி ஊரு போயிச் சேர்றதுக்குள்ள பேரன் எறங்கி நடந்தே வந்துருவானுங்க."

மாப்பிள்ளை சென்னியப்பனைப் பார்த்தார் கந்தப்பன். அவர் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு, "அம்மா சொன்னாச் சரியாத்தானுங்க மாமா இருக்கும்" என்றார்.

வாசலில் மயிலாத்தாள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிருங்கப்பா. நம்ம ஊட்டுல ஒரு மாசம் காலை நீட்டிப் படுத்தாப் போதும். இங்க காலை நீட்டுனா அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோட வந்துருது. கையை நீட்டுனாக் களி உருண்டையோட வந்துருது. பாசந்தான், இல்லீங்கல. ஆனா மூச்சு முட்டுதுங்கப்பா."

கந்தப்பன் காரில் ஏறி உட்கார்ந்தார். பள்ளத்துக்குப் பள்ளம் முதுகு ஸ்பிரிங்கில் இடிபட, வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார்.

கந்தப்பன் யோசிக்கிறார் என்றால் ஊரில் கொஞ்சம் பயம் உண்டு. கடலையும் பருத்தியும் போடுகிற சாதாரணக் குடியானவர்தான். ஆனால் எதையும் இருக்கிறபடி விடமாட்டார். கிணற்றுக்கு மின்மோட்டார் வந்த புதிதில், தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் தானே மணி அடிக்கும்படி ஒரு மிதவையைக் கட்டினார். பக்கத்துக் கோயிலில் சும்மா கிடந்த மணியைத்தான் அதற்கு இரவல் வாங்கியிருந்தார். தொட்டி நிரம்பியது, மணி அடித்தது. பூசை என்று நினைத்து ஊரே குளித்துவிட்டு வந்து பாத்திக்கு நடுவில் நின்றது.

இப்போது அவர் தலையில் ஓடியது ஒரு பஸ். கோயமுத்தூர்ப் பொருட்காட்சியில் பார்த்தது. வெளிநாட்டு பஸ். அதற்கு இரும்புப் பட்டை ஸ்பிரிங் கிடையாது, காற்றுப் பைகளின் மேல்தான் நிற்கிறது என்றார்கள். ஆள் ஏறும்போது ஒருவன் கைப்பிடியைத் திருப்பினான். பஸ் "உஸ்" என்று மூச்சு விட்டு, எருமை படுக்கிற மாதிரி ஒரு சாண் கீழே இறங்கியது. கூட்டம் கைதட்டியது. கந்தப்பன் மட்டும் குனிந்து அடியில் பார்த்தார். காவலாளி வந்து எழுப்பும்வரை பார்த்தார்.

வேலந்தாவளத்தில் மாட்டுச்சந்தைச் சுவரை ஒட்டி மிக்கேலின் வர்க்‌ஷாப். மிக்கேல் அந்த வட்டாரத்துக் கார், லாரி, டிராக்டர் எல்லாவற்றுக்கும் வைத்தியர். வாய் மட்டும் வைத்தியருடையது அல்ல.

"வாங்ணா. வெண்ணெய் எவ்வளவு வருதுங்ணா இப்ப?"

"கேலி அப்புறம். பின்னாடி பட்டையக் கழட்டிட்டுக் காத்து வெக்கோணும்."

"காத்து டயர்ல வெச்சாச்சுங்களே."

"டயருக்கு மேல, பாடிக்குக் கீழ."

மிக்கேல் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "காத்து மேல கார உக்கார வெச்சா அதுக்குப் பேரு கார் இல்லீங்ணா, பலூனு. தேர்த் திருவிழாவுல விக்கலாம்."

ஆனால் கந்தப்பன் குச்சியால் மண்ணில் படம் போடத் தொடங்கியதும் மிக்கேலும் குந்தினார். கிண்டல் செய்கிறவர்களுக்கு ஆசை அதிகம்.

திட்டம் இப்படி உருவானது. முன்பக்கத்தைத் தொடுவதில்லை. முன்னால் உட்காருவது கந்தப்பன். அவர் குலுங்கினால் யாருக்கும் நட்டமில்லை என்று கமலாத்தாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பின்பக்கத்துப் பட்டைகளில் பாதியைக் கழற்றுவது, மீதியை விட்டுவைப்பது. எல்லாவற்றையும் கழற்றினால் ஆக்சில் தனியாகக் கொழிஞ்சாம்பாறை போய்விடும் என்றார் மிக்கேல். கழற்றிய பலத்துக்குப் பதிலாக, ஆக்சிலுக்கும் பாடிக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் ஸ்கூட்டர் டியூப்களை இட்டிலி அடுக்குகிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையில் வட்டப் பலகை வைத்து, காற்றடிப்பது. ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய். குழாய் ரெண்டும் டிக்கிக்குள் வந்து நிற்கும். அங்கிருந்து கால்பம்பால் காற்று ஏற்றலாம், வால்வைத் திறந்து இறக்கலாம்.

முதல் முறை காற்றடித்தபோது டியூப் மேலே தூக்குவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் உப்பியது. வெற்றிலை அடக்கிய கன்னம் மாதிரி இருந்தது.

"பனியன் போட்டாத்தான் தொப்பை நிக்கும்" என்றார் மிக்கேல்.

கந்தப்பன் வீட்டுப் பரணில் அதற்கான பனியன் இருந்தது. மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில், இறைக்கிற சால் என்ற பெரிய வாளியின் அடியில் தொங்கிய தோல் குழாய். மோட்டார் வந்தபிறகு எலிகள் மட்டும்தான் அதைத் தேடிப் போயின. அதை இறக்கி, விளக்கெண்ணெயில் ஊறவைத்து, ரெண்டு துண்டாக வெட்டி, டியூப் அடுக்குகளுக்கு உறை தைத்து மாட்டினார்கள். காற்று ஏறியது, காரின் பின்பாகம் மெல்ல எழுந்தது. எண்ணெய் மணக்கும் தோலுக்கு ஒரு பக்கவிளைவும் இருந்தது. அன்று முதல் கந்தப்பன் கார் போன இடமெல்லாம் நாய்கள் பின்னாலேயே ஓடின.

அடுத்த சிக்கல் எடை. காற்று குறைந்தால் பாடி ஆக்சிலில் மோதும்; கூடினால் துள்ளும். ஏறுகிறவர்களின் எடைக்குச் சரியாக அடிக்க வேண்டும். கடலைக்காய் மூட்டைகளைப் பின்சீட்டில் ஏற்றி இறக்கி, எத்தனை மூட்டைக்கு எவ்வளவு காற்று என்று மிக்கேல் மனப்பாடம் செய்துவிட்டார். கமலாத்தாள் ஒன்றே முக்கால் மூட்டை. கடலை மண்டித் தராசில் ஒருமுறை விளையாட்டாக உட்கார்ந்து தெரிந்துகொண்டது; வெளியே சொன்னால் சோறு கிடைக்காது என்பது கந்தப்பனுக்குத் தெரியும். ஆனால் மயிலாத்தாள்? பிள்ளைத்தாச்சியை எடை போடுகிறேன் என்று யாரும் தராசைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கண்பட்டுவிடும் என்று தராசோடு சேர்த்து விரட்டுவார்கள்.

"போடாமலே எடை தெரியோணும்" என்றார் கந்தப்பன்.

மிக்கேல் சுவருக்கு அந்தப் பக்கம், சந்தையைக் கைகாட்டினார். அங்கே அப்புசாமி நின்றிருந்தார்.

அப்புசாமி மாட்டுத் தரகர். மாட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தால் எடை சொல்லிவிடுவார். சொல்வது என்றால் வாயால் அல்ல. சந்தையில் எந்த எண்ணையும் வாயால் சொல்லக்கூடாது. கைகளின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் அப்புசாமிக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. எத்தனை தோசை வேண்டும் என்று மனைவி கேட்டாலும் துண்டைத் தேடுவார் என்று சந்தையில் கேலி பேசுவார்கள்.

கந்தப்பன் அவரைத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லி, ஒரு கூடை மாதுளம்பழத்தோடு நல்லேப்பிள்ளிக்கு அழைத்துப் போனார். சரஸ்வதியம்மாள் அவர்களை ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், உட்காரவைத்துவிட்டுக் காப்பி போட உள்ளே போனார். மயிலாத்தாள் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். அப்புசாமி சொம்பை வாங்கவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தார். எழுந்து அவளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "கண்ணு, அந்தக் கதவு வரைக்கும் நடந்துட்டு வா பார்க்கலாம்" என்றார். நடையைப் பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்க்காதது ஒன்றுதான் குறை. பிறகு உட்கார்ந்து, கந்தப்பன் கையை இழுத்து, துண்டை மேலே போட்டார். உள்ளே ஒரு முழு விரலைப் பிடித்து, இன்னொரு விரலைப் பாதி மடக்கினார். ஒன்றரை மூட்டை.

அந்த நேரம் பார்த்துக் காப்பித் தட்டோடு வெளியே வந்தார் சரஸ்வதியம்மாள். குடியானவர் வீட்டுப் பெண். துண்டுக்கடியில் ரெண்டு கை இருந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டு 'டங்' என்று மேசையில் இறங்கியது.

"என்ற ஊட்டு ஆசாரத்துல உக்காந்துட்டு என்ற மருமகளுக்கா வெல பேசறீங்க?"

அப்புசாமி பதறி, கையைத் துண்டிலிருந்து எடுக்காமலே உண்மையைச் சொன்னார். "வெல இல்லீங்கம்மா. எடைதானுங்க."

"எடையா? அப்பக் கறிக்கா?"

அதன்பிறகு நடந்ததைக் கந்தப்பன் கோவையாக நினைவுகூர முடியாமல் போனதற்குக் காரணம் மிளகாய். சரஸ்வதியம்மாள் உப்பும் மிளகாயும் எடுத்து மயிலாத்தாளைச் சுற்றி அடுப்பில் போட்டார், வீடே இருமியது. இருமலுக்கு நடுவில் மயிலாத்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா முன்பே காதில் போட்டு வைத்திருந்த காற்றுப் பை, கடலை மூட்டை எல்லாவற்றையும் விளக்கி, "எனக்காகத்தானுங்க அத்தை, அப்பா இவ்வளவும் பண்ணறாங்க" என்றாள்.

சரஸ்வதியம்மாள் மிளகாய்ப் புகையை முந்தானையால் விசிறிவிட்டார். பிறகு கந்தப்பனைப் பார்த்துச் சொன்னார்.

"சரிங்க. தயிர்ல வந்த வெனை, தயிர்லயே முடியட்டும். கட்டுச்சோத்தன்னைக்கு ஒரு சட்டித் தயிரு உங்க கார்ல வரோணும். மேலாடை கீறாம, தண்ணி விடாம வந்து சேந்துதுன்னா என்ற மருமகளை அனுப்பறேன். கீறியிருந்தாப் பேறுகாலம் இங்கதான். பேச்சு மாறப்படாது."

வடகரப்பதியில் அடுத்த சில வாரங்கள் யாரும் மோர் கடையவில்லை. கமலாத்தாள் தினம் ஒரு சட்டி உறை ஊற்றுவார். கந்தப்பனும் மிக்கேலும் மூட்டைகளோடு அதை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போவார்கள். திரும்பி வரும்போது அக்கம்பக்கத்தார் சொம்போடு வாசலில் காத்திருப்பார்கள். காற்று கூடிய நாளில் கார் கன்றுக்குட்டி மாதிரித் துள்ளியது. சட்டி சீட்டைவிட்டு எழுந்து உட்கார்ந்தது. காற்று குறைந்த நாளில் பரிசல் மாதிரி ஆடியது. பின்சீட்டில் சட்டியைப் பிடித்திருந்த மிக்கேல் இறங்கிப் போய் வேலியோரம் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "மசக்கை எனக்குத்தானுங்ணா" என்றார்.

ஒருநாள் தயிர் அசையாமல் வந்தது. மறுநாளும் வந்தது. சொம்போடு நின்றவர்கள் ஏமாந்து போனார்கள்.

கந்தப்பன் நம்பிவிட்டார். கமலாத்தாள் நம்பவில்லை. விருந்துக்கு முந்தின நாள், கணவருக்குத் தெரியாமல், எருமைப்பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி உறை ஊற்றினார். மகள் விஷயத்தில் அவருக்குக் காற்றின் மேல் பாரத்தைப் போட மனம் வரவில்லை.

விருந்து நாளன்று சொந்தக்காரர்கள் பஸ்ஸில் முன்னால் போனார்கள். காரின் முன்சீட்டில் கந்தப்பன், மிக்கேல், மன்னிப்புக் கேட்பதற்காக அப்புசாமி. பின்னால் கமலாத்தாள், சோற்றுப் பாத்திரங்கள், நடுவில் தயிர்ச்சட்டி. ஊர் எல்லைவரை நாய்கள் மரியாதையாக வழியனுப்பின.

நல்லேப்பிள்ளி வாசலில் நிறுத்தி, மிக்கேல் டிக்கியைத் திறந்து வால்வைத் தளர்த்தினார். "உஸ்ஸ்." கார் பின்பக்கம் ஒரு சாண் தாழ்ந்தது. கூடியிருந்தவர்கள் "அடேங்கப்பா" என்றார்கள். கமலாத்தாள் புடவை கசங்காமல் இறங்கினார்.

சரஸ்வதியம்மாள் சட்டியின் துணியை அவிழ்த்தார். ஆடை இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி இருந்தது. விரலால் அழுத்தினார். கீறவில்லை. கரண்டிக் காம்பால் தட்டினார். அப்போதும் கீறவில்லை. சட்டியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். தயிர் விழவில்லை.

"இது தயிருங்களா, கொத்தனார் போட்ட தளமுங்களா?"

கமலாத்தாள் கூரையில் ஓடு எண்ணத் தொடங்கினார்.

"எருமைப்பாலைச் சுண்டக் காச்சி ஊத்துனா, சட்டியக் கெணத்துல போட்டாலும் தயிரு ஒடையாதுங்க சம்பந்தியம்மா. நானும் தயிர் ஊத்தறவதான். இது செல்லாதுங்க."

கந்தப்பன் மனைவியைப் பார்த்தார், புரிந்துபோனது. அவர் முகம் தொங்கிவிட்டது. உள்வாசலில் மயிலாத்தாள் முழங்கை வரை வளையலோடு நின்றாள். காலடியில் கட்டி வைத்த துணிப்பை. பையைக் காலால் கதவுக்குப் பின்னால் மெல்லத் தள்ளினாள்.

அதைப் பார்த்ததும் கந்தப்பன் நிமிர்ந்தார். "சரிங்க சம்பந்தியம்மா. எங்க தயிரு வேண்டாம். உங்க ஊட்டுப் பசுந்தயிரை எடுங்க. நீங்களே மடியில வெச்சுட்டு ஏறுங்க. ஒரு சுத்துப் போயிட்டு வந்து பேசுவோம்."

சரஸ்வதியம்மாள் அதை எதிர்பார்க்கவில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே போய்ச் சட்டியோடு வந்தார்.

இப்போது வேறு வம்பு. சரஸ்வதியம்மாள் எத்தனை மூட்டை? கந்தப்பன் கண்ணைக் காட்டினார். டிக்கியின் மறைவில் அப்புசாமி மிக்கேலின் கைமேல் துண்டைப் போட்டார். ரெண்டு விரலைப் பிடித்தார். அம்மாள் காரில் ஏறுவதை எட்டிப் பார்த்தார். மூன்றாவது விரலைப் பாதி மடக்கினார். மிக்கேல் பம்பை மிதித்தார்.

"அங்க துண்டுக்குள்ள என்னங்க?" என்றது பின்சீட்டு.

"கை தொடைக்கறோமுங்க."

கார் கிளம்பியது. சரஸ்வதியம்மாள் ஒரு கையால் சட்டியையும் ஒரு கையால் கதவையும் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டார். முதல் பள்ளம் வந்தது. போனது.

"ஏனுங்க, பள்ளத்துல எறங்கலீங்களா?"

"எறங்கி ஏறியாச்சுங்க."

கதவைப் பிடித்த கை தளர்ந்தது. வாய்க்கால் பாலத்தில் திரும்பப் போனவரைக் கோயில் வரைக்கும் விடச் சொன்னார். கோயிலிலிருந்து, தன்னோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒன்றுவிட்ட நாத்தனார் வீட்டு வழியாக விடச் சொன்னார். அந்த வீட்டின் முன்னால் மட்டும் மெதுவாகப் போகச் சொன்னார். நாத்தனார் முறத்தோடு எழுந்து நின்று பார்ப்பதை உறுதி செய்துகொண்ட பிறகு, "இப்பப் போலாமுங்க" என்றார்.

வீட்டுத் திருப்பத்தில் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓடியது. கந்தப்பன் பிரேக்கை மிதித்தார். காற்றே வைக்காத முன்பக்கம் மூக்கைக் குத்தியது. பின்பக்கம் எழுந்து உட்கார்ந்தது.

திரும்பிப் பார்த்தார். ஆடையில் நடுவே ஒரு கீறல். கீறலில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. சரஸ்வதியம்மாளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார், ரெண்டு பேர் கண்ணும் சந்தித்தன.

சரஸ்வதியம்மாள் முந்தானையை இழுத்துச் சட்டியை மூடினார்.

வாசலில் எல்லோரும் சூழ்ந்தார்கள். அம்மாள் இறங்கி, யாருக்கும் காட்டாமல், நேரே பந்திக்குப் போனார். முதல் இலையில் இருந்த சோற்றில் கரண்டி நிறையத் தயிரைப் போட்டார்; அடுத்த இலையில் போட்டார். கரண்டி விழுந்த பிறகு எது கீறல், எது கரண்டித் தடம் என்று யார் கண்டார்கள்?

"ஆடை அசையலீங்க. சாப்புடுங்க எல்லாரும். நல்ல நேரம் போறதுக்குள்ள புள்ளைய அனுப்போணும்."

கந்தப்பனைக் கடந்து போகும்போது, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "பரவாயில்லீங்க, பிரேக்கு போட்டா நானுந்தான் கலங்குவேன்" என்றார்.

மயிலாத்தாள் கதவுக்குப் பின்னாலிருந்து பையை எடுத்தாள்.

விருந்து முடிந்தது. கார் மூச்சு விட்டுத் தாழ்ந்து நின்றது. மயிலாத்தாள் ஏறி, பின்சீட்டில் சாய்ந்து, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் ஆசைப்பட்டபடி காலை நீட்டினாள். கமலாத்தாள் ஓரத்தில் ஒண்டிக்கொண்டார். கந்தப்பன் சாவியைத் திருகப் போனார்.

"இருங்க, இருங்க."

சரஸ்வதியம்மாள் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் தகரப்பெட்டி. மறு கையில் எண்ணெய்க் கிண்ணம்.

"தள்ளி உக்காரு கண்ணு. அங்க உனக்கு எண்ணெய் தேச்சு உட யாரு இருக்காங்க? உங்கம்மாளுக்குப் பாலைச் சுண்டக் காச்சத்தான் தெரியும்."

மயிலாத்தாள் காலை மடக்கினாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா அப்புசாமியைப் பார்த்தார். அப்புசாமி தோளிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு டிக்கிப் பக்கம் நடந்தார். மிக்கேல் சட்டை நனையும்வரை பம்பை மிதித்தார். காரின் பின்பாகம் கொஞ்சம் முனகி, யோசித்து, எழுந்தது.

நல்லேப்பிள்ளி வயல்கள் முடிந்து பனைமரங்கள் தொடங்குகிற இடத்தில் சரஸ்வதியம்மாள் முன்னால் சாய்ந்து கேட்டார்.

"ஏனுங்க தரகரே, நீங்க எத்தன தடவ துண்டு போட்டீங்கன்னு நான் பாத்துட்டேதான் இருந்தேன். மருமகளுக்கு ஒரு வெரலும் ஒரு அரை வெரலும்னு சொன்னீங்களாமா. எனக்கு எத்தன?"

முன்சீட்டில் மூன்று பேரும் ரோட்டையே பார்த்தார்கள். அப்புசாமி வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கணக்கைத் துண்டில்லாமல் வாயால் சொன்னார்.

"வெரல் பத்தலீங்கம்மா."

கமலாத்தாள் மூச்சை அடக்கினார். மயிலாத்தாள் உதட்டைக் கடித்தாள். ஒரு பனைமரம் போயிற்று, இன்னொன்று போயிற்று. அப்புறம் சரஸ்வதியம்மாள்தான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எண்ணெய்க் கிண்ணம் ததும்பி, பின்சீட்டு முழுக்கக் குலுங்கியது. அந்த இடத்தில் ரோடு நன்றாகவே இருந்தது.